மெயினை இறக்கியவர்

அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் ட்யூப்லைட்டும் எரிந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், வாசல் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை யாரோ இறக்கி வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டு சௌந்திரம்தான். எங்கள் ஏ.சி. தண்ணீர் அவர் காயப்போடும் துணியில் சொட்டுகிறது என்று போன கோடையில் சண்டை. அதிலிருந்து பேச்சில்லை.

என் மனைவி ஜோஸ்லின் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜிடம் ஓடினாள். குழந்தை உண்டாவதற்காக அவள் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசிகள் அதற்குள் இருந்தன. தெருவில் ஒருவருக்கும் சொல்லாத ஊசிகள். சூடு பட்டால் அவ்வளவுதான். இத்தனை நாள் குத்திக்கொண்டதெல்லாம் வீண். ஃப்ரிட்ஜ் வாங்கியபோது ஸ்டெபிலைசரும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் கெஞ்சினார். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வளர்ந்தவனிடமா? அதைக் கழித்துவிட்டு விலையைச் சொல்லுங்கள் என்று ஜெயித்து வந்தேன். ஜெயித்த கதையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லியும் ஆயிற்று.

கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டு சௌந்திரம் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. கருகிய வாடை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஃப்ரிட்ஜிலிருந்த சாமான்களை அன்னக்கூடையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, எங்க மெயினை எதுக்கு…"

"வந்துட்டீங்களா சாமி! நாந்தான் இறக்குனேன். கம்பத்துல நியூட்ரல் கம்பி அறுந்து கரண்டு தாறுமாறா ஏறிருச்சுன்னு லைன்மேன் இப்பத்தான் வந்து கட்டிட்டுப் போறாருங்க. உங்க வாசல் பல்பு சூரியனாட்ட எரிஞ்சுது. கேட்டு ஏறிக் குதிச்சேன்." அறுபதை நெருங்கும் பெண்மணி, சேலை முந்தி கிழிந்திருந்தது.

"உங்க ஊட்டுல?"

"கீர வாங்கிட்டு உங்க கேட்டுக்கிட்ட நின்னனுங்களா, உங்களுதுதான் கைக்குக் கிட்டக்க இருந்துச்சு. இங்க ஓடி வரதுக்குள்ள பல்பும் டிவியும் ஃப்ரிட்ஜும் டப்புனு போயிருச்சு." குரலைத் தாழ்த்தினார். "ஜோஸ்லின் ஐஸ் டப்பாவோட வரதப் பாத்திருக்கேன் சாமி. எம்புள்ளயும் அந்த ஊசி போட்டுத்தான் பெத்தா. அது கெடக்கூடாதுல்ல." பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "உங்க ஏ.சி.யும் பொழச்சுக்கிச்சு. ஒண்ணும் பண்ண முடியாது, போங்க."

எதிராளி எதையுமே கேட்காதபோது பேரக்காரன் என்ன பேசுவான்? குனிந்து அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மெயினை ஏற்றினேன். ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி, முனக ஆரம்பித்தது. ஜோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். ஊசிப் பெட்டி இன்னும் சில்லென்றிருந்தது. அதை ஒட்டியே சௌந்திரக்காவின் மாவுச் சட்டியையும் பாலையும் மல்லிகைப் பொட்டலத்தையும் திணித்தோம். கதவு மூடவில்லை. என் குளிர்பானப் பாட்டில்கள் வெளியே வந்தன.

மறுநாள் காலை அக்கா பால் எடுக்க நேராகச் சமையலறைக்குள் வந்தார். ஜோஸ்லின் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை விலக்கி, ஊசியைப் பிடித்திருந்தாள். மறைத்துக்கொள்ளவில்லை. அக்கா பால் பாக்கெட்டை மேடையில் வைத்தார். ஈரக் கையைக் கிழிந்த முந்தானையில் துடைத்துவிட்டு, பஞ்சை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தார்.