ஏழாவது வரி

டியூட்டி முடித்து வந்த பஸ் டிரைவர் அம்மா ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மகள் லேப்டாப்போடு வந்து நின்றாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று வீட்டிலிருந்து நாலு ஸ்டாப். மற்றது ரயிலில் ஒன்பது மணி நேரம். எதில் சேருவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவள், கடைசியில் இரண்டுக்கும் மார்க் போட ஒரு புரோகிராமே எழுதிவிட்டாள்.

"பாத்தியாம்மா? பக்கத்துல இருக்கறதுதான் ஜெயிச்சிருக்கு. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

சொன்னவள் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் படித்தாள். பாடத்திட்டத்துக்குப் பத்து, ஆய்வகத்துக்குப் பத்து, விடுதிக்குப் பத்து. ஏழாவது வரியில், 'அம்மா தனியா இருப்பா' என்பதற்கு அறுபது.

"எல்லாம் பத்து. இதுக்கு மட்டும் என்னடி அறுபது?"

மகள் நகத்தைக் கடித்தாள்.

"தினம் முன்னூறு பேரை ஏத்தி இறக்கறவ நான். நானாடி தனியா இருக்கப்போறேன்? இதை அழிக்க எந்தப் பட்டனை அமுக்கணும், காட்டு!"

மகள் காட்டினாள். அம்மா அமுக்கினாள். ரயில் ஊர் முதலிடத்துக்கு ஏறியது.

ஷூ நாடாவை அவிழ்க்க அம்மா குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.