பன்னிரண்டாவது பொடி

தூசி என்றால் சீதாலெட்சுமிக்கு ஜென்மப் பகை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவள் வீட்டுக்குப் போனால் நம் முகத்தைப் பார்க்குமுன் காலைத்தான் பார்ப்பாள். செராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்கிறாள். அங்கே கொடுக்கிற துணி சரியில்லையாம். வீட்டிலிருந்து கோழி இறகுத் துடைப்பத்தைப் பையில் ஒளித்துக்கொண்டு போகிறாள் மகராசி.

ஒரு புதன்கிழமை, ஆய்வுக்கூட மேசையில் திறந்திருந்த பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தகடு. மேலே சன்னமாகப் பொடி. கை சும்மா இருக்குமா? இரண்டு தட்டு. அப்புறம்தான் பெட்டியில் மலாயில் சிவப்பாக எழுதியிருந்ததைப் படித்தாள்: தொடாதே.

போன மாதம் ஒரு குவளையை உடைத்ததற்கே, "இன்னொரு தடவ நடந்தா வேற ஆள் பாத்துக்குவேன்" என்று சூப்பர்வைசர் தம்புசாமி சொல்லியிருந்தார். யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை பிழைக்கும். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற அந்த வாயும் மூடித்தான் இருந்தது, முழுசாகக் கால் மணி நேரம்.

ஆய்வாளர் லோகேஸ்வரி வந்தாள். தகட்டை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த சின்ன அடுப்பை நோக்கி நடந்தாள்.

"மிஸ், நில்லுங்க லா! அத நான் தொடச்சிட்டேன்!"

லோகேஸ்வரி திரும்பினாள். "எத வெச்சுக்கா?"

பையிலிருந்து கோழி இறகு வெளியே வந்தது.

"ஈரமா?"

"ஐயோ, இல்ல மிஸ். சும்மா தட்டினேன்."

லோகேஸ்வரி தகட்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் சீதாலெட்சுமி பத்துமலை முருகனுக்கு மூன்று பால்குடம் நேர்ந்துவிட்டாள்.

"தப்பிச்சோம்க்கா. டிங்கிக் காய்ச்சல் டெஸ்டுக்குப் பண்ற தகடு இது. அமினோ அமிலத்தப் பொடிக்குள்ள அடைச்சு, பிரிண்டர்ல அடிக்கிற மாதிரி புள்ளி புள்ளியா, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கடுக்கா இறக்குவோம். சூடு பண்ணாத்தான் பொடி உருகும், உள்ள உள்ளது ஒட்டும். அதுவரைக்கும் வெறும் தூசிதான்."

"அப்ப முன்ன போட்டதெல்லாம்?"

"பதினோரு அடுக்கும் ஒட்டியாச்சு. கோழி என்ன, யானையே வந்து தடவினாலும் போகாது. இன்னிக்குப் போட்டதுதான் கலைஞ்சிருக்கு. இத ஊதிட்டு இன்னொரு தடவ போட்டா முடிஞ்சிச்சு. நீங்க சொல்லாம இருந்து நான் சுட்டிருந்தேன்னு வைங்க, கண்ட எடத்துல ஒட்டி மூணு வார வேல குப்பைக்குத்தான்."

"தம்புசாமி அண்ணன் கிட்ட..."

"ஒரு மணி நேர வேலைக்கு அவர எதுக்குக்கா கூப்பிடணும்?"

சீதாலெட்சுமி முக்காலியில் உட்கார்ந்தாள். காற்றுக் குழாய் புஸ்ஸென்று ஊத, மிச்சப் பொடியும் போயிற்று. இயந்திரம் முனகிக்கொண்டு கண்ணாடிமேல் பன்னிரண்டாவது பொடியை மறுபடி இறக்கத் தொடங்கியது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.