வரப்பின்மேல் நின்ற மழை

மார்க்கையன்கோட்டையில் போன மாசியில் தொடங்கி நாற்பத்துமூன்று நாட்கள், சுருளிராஜன் நெல்வயலுக்கும் அவருடைய தங்கை நாகஜோதியின் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவிலுள்ள வரப்பை ஒட்டி மட்டும் மழை பெய்தது. அகலம் மூன்றடி. காரணம் ஊருக்கே தெரியும். மகளுக்கு வீரபாண்டிக் கோயிலில் காது குத்தத் தேதி வைத்த நாகஜோதி, வெற்றிலைத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டிய தாய்மாமனுக்கும் எல்லாரையும்போல வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாள். நீல டிக் விழுந்தது, ஆள் வரவில்லை. மடி கொடுக்க மாமன் இல்லாததால் பிள்ளையைக் குத்தாத காதோடு திரும்பக் கூட்டிவந்தார்கள். மறுநாள் காலை, மலையிலிருந்து இறங்கிய குளிர்காற்று அண்ணன் வயலைத் தாண்டவில்லை. தங்கை தோட்டத்து வெக்கையும் வரப்போடு நின்றுகொண்டது. அவர் மப்ளர் கட்டிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சினார்; அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு பழம் பார்த்தாள்.

உத்தமபாளையத்தில் மழை அளவு எடுக்கும் பெனடிக்ட் வந்து இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வைத்தார். "குளிர்காத்து கனம், அடியில கெடக்கும். வெக்கக்காத்து அதும்மேல ஏறும். ஏற ஏறக் குளுந்து மேகமாகி மழையாக் கொட்டும். ரெண்டுல ஒண்ணு நகந்தா மழையும் நகந்துரும். இங்கன ரெண்டும் அசையமாட்டேங்குதே" என்றார். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லாததால் 'லேசான மழை' என்று எழுதிக்கொண்டு போனார்.

நாற்பதாம் நாள் மழை ஆறடியாகிப் பந்தலுக்குள் புகுந்தது. அறுப்புக்கு ஒரு வாரமே இருந்த பழங்கள் முதல் வரிசையில் வெடித்தன, மறுநாள் இரண்டாவதில். வருஷத்துப் பாடு கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அண்ணன் முகம் கொடுக்காததைத்தான் நாகஜோதியால் தாங்க முடியவில்லை. நாற்பத்துமூன்றாம் நாள் வெற்றிலைத் தட்டோடு மழைக்குள் நுழைந்து, வரப்பைத் தாண்டி அவர் வயலில் இறங்கினாள்.

"அண்ணே, புள்ளைக்கு இன்னும் காது குத்தல. ஒங்க மடி இல்லாம வேற ஆளு மடியில உக்கார வைக்கமாட்டேன்."

"ஊருக்கெல்லாம் அனுப்புனதத்தான எனக்கும் அனுப்புன?"

"தப்புதாண்ணே."

சுருளிராஜன் நனைந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு மப்ளரை அவிழ்த்தார். அவள் பின்னாலேயே வந்த வெக்கை குளிரைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. மழை அவர் நெல்லை ஒருமுறை நனைத்துவிட்டு மலையேறிப் போனது. மீதிப் பந்தல் தப்பியது. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து ஊர் கேட்க அழுதாள்.

இப்போதும் எப்போதாவது அந்த வரப்பின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு மேகம் கட்டும். சுருளிராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். குடை எடுப்பதில்லை.