தானாகத் தடித்த எழுத்து

சாப்பிட்டுக்கொண்டே, காலையில் ஏற்றிய இணையப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து பார்த்தாள். பக்கத்தின் பாதிக்குக் கீழே எல்லாமே தடித்த எழுத்தாக இருந்தது. அவள் அப்படிப் போடவே இல்லை.

குடிநீர் நிலையத்தின் இணையப் பக்கங்களை எழுதுவது அவள் வேலை. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருந்தவன் அவள் கொழுந்தன். சுத்தமான தண்ணீர் A தொட்டியில், வடிகட்டாதது B-யில். A-யின் தண்ணீரை விட்டு B-யைக் கழுவுவதற்காக நடுவே ஒரு வால்வு; திறந்தால், மட்டம் உயரமாக இருக்கும் தொட்டியிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் பாயும். காலையில் அவள் ஏற்றிய விதி இது: ‘A<B என்றால் திறக்கக் கூடாது. A>B என்றால் திறக்கலாம்.’

திரையில் தெரிந்ததோ, ‘AB என்றால் திறக்கலாம்.’

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இணையப் பக்கத்தில் ‘குறைவு’ என்பதற்கான குறியை &lt; என்று எழுதியிருக்க வேண்டும்; அவசரத்தில் அப்படியே தட்டிவிட்டாள். உலாவி அதைக் கட்டளையின் தொடக்கம் என்று நினைத்து, அடுத்த குறி வரைக்கும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. B என்பது எழுத்தைத் தடிக்க வைக்கும் கட்டளை வேறு.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் நிலையத்தின் முற்றத்தைத் தாண்டித் தொட்டிகளிடம் ஓடினாள்.

வால்வுச் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தான்.

“தொறந்துட்டியா?”

“இப்பதான் அண்ணி. ரெண்டுலயும் தண்ணி இருந்தா தொறக்கலாம்னுதானே போட்டிருந்தீங்க?”

“மூடு, மூடு. B-ல மட்டம் ஒசரமா இருக்கு, பாரு.”

இருவரும் சேர்ந்து சக்கரத்தை இறுக்கினார்கள். அதற்குள் A-யில் பழுப்பு நிறம் படர ஆரம்பித்திருந்தது. ஊருக்குப் போகும் குழாயை அவனே ஓடிப் போய் அடைத்தான்.

“என்னைத்தான் கேப்பாங்க, இல்ல?” என்றான், மூச்சு வாங்க.

“உன்னை எதுக்குக் கேக்கணும்? எழுதினவ நான்.”

அவன் எதிரிலேயே மேலாளருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். தொட்டியைக் காலி செய்து கழுவி முடிக்கும்வரை ஊருக்குத் தண்ணீர் இல்லை என்று அறிவிக்கச் சொன்னார் அவர். அந்த அறிவிப்பையும் அவள்தான் எழுத வேண்டும். எழுதினாள், ஒரு குறிகூட இல்லாமல். விதியையும் திருத்தினாள்: ‘A-யில் மட்டம் B-யைவிடக் குறைவு என்றால் திறக்கக் கூடாது.’

சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. இதுவரை எழுதிய பக்கங்களில் எங்கெல்லாம் என்னென்ன விழுங்கப்பட்டிருக்கிறதோ? ஏற்றுவதற்கு முன் காகிதத்தில் எழுதி வைத்திருந்தவற்றை எடுத்துக்கொண்டு, பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அடுத்தடுத்த வரிகளை விரலால் தொட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

வாசலில் நிழல் தட்டியது. கொழுந்தன்.

“அண்ணி, நீங்க சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு வந்தீங்களாமே.”

“அப்புறம் சாப்பிடறேன். உக்காரு. நான் காகிதத்துல இருக்கறதைப் படிக்கறேன், நீ திரையில இருக்கறதைப் படி.”