திருப்பிச் சொல்லும் இன்ஸ்பெக்டர்

மார்வின் தன் அப்பாவிடம் முழுப்பொய் சொல்லவில்லை. போலீஸ் படம் எடுக்கிறேன், நீங்கள்தான் இன்ஸ்பெக்டர் என்றான். அது உண்மைதான். அது சிரிப்புப் படம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டான். பதினோரு வாரம் சொல்லாமலே விட்டான்.

அப்பா கிரிகரிக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்தவர். கடைசியாக வேலை பார்த்தது கிள்ளான் நகருக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு சிக்னல் கேபினில். போன செப்டம்பரில் மனைவி கெர்ட்ரூட் இறந்ததிலிருந்து, செந்தூல் பிளாட்டின் ஏழாவது மாடியில் அவர் பேசிய பேச்சை ஒரு காகிதத்தில் எழுதிவிடலாம். சாப்பிட்டேன், மருந்து இருக்கு, கதவைச் சாத்திட்டுப் போ. சவரம் வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூரத்தில் போகும் ரயிலைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

அவரை அந்த நாற்காலியிலிருந்து கிளப்ப வேண்டும் என்றெல்லாம் மார்வின் நினைக்கவில்லை. அவனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மார்வின் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். காலேஜில் சினிமா படிக்கப் போய் இரண்டு பருவத்தோடு நின்றுவிட்டான். அதற்கப்புறம் அவனுக்குக் காலேஜாக இருந்தது ஓர் ஆங்கிலேய இயக்குநரின் மூன்று டிவிடிகள். பேய்ப் படம், உளவாளிப் படம், போலீஸ் படம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து, உள்ளே புகுந்து, செல்லமாகக் கேலி செய்கிற ஆள். படத்தைவிட, படத்தை எப்படி எடுத்தேன் என்று அவர் பேசும் பகுதியைத்தான் மார்வின் அதிகம் பார்த்திருக்கிறான். தேநீர் கலக்குவதைத் துப்பாக்கிச் சண்டை மாதிரி எடுப்பார். கரண்டி, கோப்பை, சர்க்கரை, மூடி என்று நான்கு விநாடிக்குள் ஆறு ஷாட். ஒவ்வொன்றுக்கும் காது கிழிகிற சத்தம். அப்புறம் அவருடைய ஒரே சட்டம்: படத்தில் இருக்கிற யாருக்கும் தாங்கள் சிரிப்புப் படத்தில் இருக்கிறோம் என்று தெரியக்கூடாது.

மார்வின் அந்தச் சட்டத்தைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டான். நடிகர்கள் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நிஜமாகவே தெரியாத ஆளைப் பிடி என்று அந்த மனுஷன் சொல்லவில்லை.

முதலில் கிள்ளானிலிருந்து ஒரு மேடை நாடகக்காரரைப் போட்டுப் பார்த்தான். நல்ல மீசை. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் கண்ணடித்தார். இரண்டு நாளில் அவரை அனுப்பிவிட்டு அப்பா வீட்டுக்குப் போனபோது ஜன்னலோரம் அந்த முகம் இருந்தது. சிரிப்பே வராத முகம். உளி வைத்துச் செதுக்கினாலும் வராது.

'செந்தூல் சரகம்' என்று படத்துக்குப் பெயர். பிளாட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் காணாமல் போகிறது. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் தனியாளாகத் துப்பு துலக்குகிறார். கதையைக் கேட்டதும் கிரிகரி வெகுநேரம் தரையைப் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு அவர்கள் பிளாட்டில் நிஜமாகவே மோட்டார் போய்விட்டது. ஒன்பது நாள் வாளியோடு ஏழு மாடி ஏறியவர் அவர்.

"முக்கியமான விஷயம். யாராவது எடுக்கணும்லா," என்றார்.

மறுநாள் காலை சவரம் செய்திருந்தார்.

அதற்கப்புறம் தினமும் செய்தார். வெள்ளைச் சட்டை இரண்டு வாங்கினார். முடி வெட்டிக்கொண்டார். ரயில்வேயில் கூட வேலை செய்த சபாபதிக்கு ஒரு வருடத்துக்கு அப்புறம் போன் போட்டு, படத்தில் நடிக்கிறேன், சமூகப் படம் என்று சொன்னார். பேச ஆரம்பித்துவிட்டார். லிப்ட்டில் ஏறுகிற ஆன்டிகளிடம்கூட இன்றைக்கு எந்தக் காட்சி என்று சொல்லிக்கொண்டு போனார். மார்வின் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டான். தள்ளிப்போடுவதில் அவனுக்கு ஈடு கிடையாது.

படப்பிடிப்பில் கிரிகரி மாதிரி ஒழுங்கான நடிகர் கிடைக்க மாட்டார். கதவுக்குச் சாவி போடுகிற ஒரே ஷாட்டைப் பத்தொன்பது தடவை எடுத்தார்கள். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரு பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. சிக்னல் கேபினில் போனில் உத்தரவு வந்தால், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சரி என்ற பிறகுதான் நெம்புகோலில் கை வைக்கலாம். தப்பாகக் கேட்டால் இரண்டு ரயில் மோதும். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். அதனால் மார்வின் என்ன சொன்னாலும் அவர் கேமரா முன்னால் நின்று முதலில் அதைத் திருப்பிச் சொன்னார்.

"கதவைப் பார்க்கணும். மூணு எண்ணணும். பிறகு கோபம். சரி."

சொல்லிவிட்டுக் கதவைப் பார்ப்பார். உதடு அசையாமல் மூன்று எண்ணுவார். பிறகு கோபப்படுவார்.

கேமரா அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும். மார்வின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டும்போது தூக்கிவிடலாம் என்று நினைத்தான்.

வெட்டுவது அவன் அக்கா பெர்னிஸ். விளம்பரக் கம்பெனியில் எடிட்டர். பிரிக்பீல்ட்ஸில் அவள் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் முதல் வெட்டைப் போட்டுப் பார்த்தார்கள். தூக்க வேண்டியதை அவள் தூக்கவில்லை. சாவிச் சத்தம், செருப்புச் சத்தம், கேட் சத்தம் என்று ஆறு ஷாட் பறந்து வந்து நிற்கும். திரை முழுக்க இன்ஸ்பெக்டரின் முகம். அது நிதானமாகச் சொல்லும்: "இப்ப எனக்குச் சந்தேகம் வரணும். சரி." பிறகு சந்தேகம் வரும்.

மார்வினுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எத்தனையோ போலீஸ் படத்தில் ஹீரோ கோபப்படுவதையும் சந்தேகப்படுவதையும் பார்த்திருக்கிறான். அத்தனையையும் அந்த ஒரு முகம் போட்டு உடைத்தது. படம் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்துபோனது.

பெர்னிஸ் சிரிக்கவில்லை. ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தாள். திரையை நிறுத்திவிட்டு, டேடிக்கு இது தெரியுமா என்று கேட்டாள். அவன் இருமிக்கொண்டே தண்ணீர் எடுக்க எழுந்து போனான். அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அந்த வெள்ளைக்காரன் படத்துல யாரைப் பார்த்துடா சிரிக்கிறோம்? போலீஸ் படத்தைப் பார்த்து. இங்க டேடியைப் பார்த்து. ரெண்டும் ஒண்ணா?"

"அப்ப தூக்கிடவா?"

"தூக்கினா படம் செத்துடும். அதான் எனக்கு எரிச்சல்."

தூக்கியும் பார்த்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் பதினேழு ஆனது. அந்தப் பதினேழு நிமிடத்தில் ஒரு கிழவர் மோட்டாரைத் தேடினார். வேறொன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் படத்தைப் போட ஏற்பாடாகியிருந்தது. சபாபதி பழைய ரயில்வேக்காரர்கள் இருபது பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். கிரிகரி சொல்லித்தான்.

புதன்கிழமை காலை மார்வின் மடிக்கணினியோடு செந்தூலுக்குப் போனான். கோப்பி போட்டுக் கொடுத்தான். டேடி, படம் பார்க்கலாம் என்றான். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. படம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். கோழைதான்.

கிரிகரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தடவை தன் குரல் வந்ததும் திரையைத் தொடப் போனார், ஏதோ தவறுதலாக ஓடுகிறது என்று நினைத்தவர் போல. இரண்டாவது தடவை மகனைப் பார்த்தார். மூன்றாவது தடவைக்கு அப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு நிமிடமும் பார்த்து முடித்தார்.

"இது சிரிக்கிறதுக்கு எடுத்த படமா?"

"ஆமா டேடி."

"தண்ணி இல்லாம ஒன்பது நாள் இருந்தது சிரிக்கிற விஷயமா?"

மார்வின் அந்த ஆங்கிலேயரின் சட்டத்தைச் சொன்னான். சொன்னால் நீங்கள் வேடிக்கையாக நடிக்கப் பார்ப்பீர்கள், அதனால்தான் என்றான். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவன் காதிலேயே விழுந்தது.

"சபாபதிகிட்ட சமூகப் படம்னு சொல்லியிருக்கேன்," என்றார் கிரிகரி. கோப்பியைக் குடிக்காமல் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினார். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மார்வின் ஒரு மணி நேரம் நின்று பார்த்தான். "கதவைச் சாத்திட்டுப் போ" என்ற குரல் வந்தது. சாத்திவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை அவர் சவரம் செய்யவில்லை. சாப்பாடு கொண்டுபோன பெர்னிஸ் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னது அந்த ஒரு வரிதான். மார்வினும் ஒரு வரிதான் சொன்னான். பதினேழு நிமிடப் படத்தைப் போடுவோம், செத்த படமாகவே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மார்வினும் பெர்னிஸும் படத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டு வாசலில் கிரிகரி நின்றார். ரயிலில் தனியாக வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. தாடையில் அவசரத்தில் கீறிய காயம்.

"திரும்ப எடு," என்றார் மகனிடம். "அதெல்லாம் தெரியாம சொன்னது. இப்ப தெரிஞ்சு சொல்றேன். என்னாலயும் வேடிக்கை பண்ண முடியும்."

எடுத்தார்கள். கதவைப் பார்க்கணும், மூணு எண்ணணும், பிறகு கோபம் என்று மார்வின் சொன்னான். கிரிகரி ஒரு புருவத்தைத் தூக்கினார். "கதவை" என்ற சொல்லை மூன்று முழத்துக்கு இழுத்தார். எண்ணும்போது விரலை நீட்டினார். கடைசியில் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். பெர்னிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளான் நாடகக்காரர் இதைவிட எவ்வளவோ தேவலாம்.

போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினார்கள்.

"கேவலமா இருக்கு," என்றார்.

மார்வின் கேமராவை மூடி வைத்தான்.

பழையதைப் போடு என்றார். பெர்னிஸ் போட்டாள். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை பார்க்கும்போது மேசைக்குப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் அவர், மூன்று எண்ணி, கோபப்பட்டார்.

"உங்கம்மா கடைக்கு அனுப்புவா," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாமான் சொல்லுவா, நான் திருப்பிச் சொல்லுவேன். உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்குவா. தோளு குலுங்கும். என்னான்னு கேட்டா ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்கன்னுவா. நாப்பது வருஷமா எதுக்குச் சிரிக்கிறான்னு எனக்குத் தெரியல."

திரையைக் காட்டிக் கேட்டார்: "இதுக்குத்தானா?"

பெர்னிஸ் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மார்வின்தான் சொன்னான். "இதுக்குத்தான் டேடி. அக்காவும் நானும்கூடப் பின்னாடி நின்னு சிரிப்போம்."

கிரிகரி தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை, அந்த மாதிரி ஆள் இல்லை. தாடைக் காயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, பழசையே போடு என்றார். ஆனால் நாளைக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே தானே சொல்லிவிட வேண்டும், அவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளக் கூடாது, தனக்கு நடந்த மாதிரி. கடைசி மூன்று சொல்லையும் மகனைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்பு அதில் இருந்ததா என்று மார்வினுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். முதலில் சபாபதிக்கு.

"அது சிரிப்புப் படமாம். ஆமா. இல்ல, எனக்கே புதன்கிழமைதான் தெரியும். நீ வந்து சிரி. சிரிக்காம உக்காந்தா எனக்கு அவமானம்."

சனிக்கிழமை மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. மின்விசிறி சத்தம் அதிகமாக இருந்ததால் பாதியை அணைத்துவிட்டார்கள். மார்வின் அப்பா பக்கத்தில் உட்காரப் போனான். கிரிகரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ இங்க உக்காந்தா படத்தைப் பார்க்க மாட்ட, என் மூஞ்சியத்தான் பார்ப்ப. பின்னாடி போய் நில்லு."

பின்னால் போய், பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்த சுவரோரம் நின்றான். அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் பின்மண்டை மட்டும் தெரிந்தது. நரைத்த முடி, வெள்ளைக் காலர், நிமிர்ந்த முதுகு. விளக்கு அணைந்தது. சாவி, செருப்பு, கேட் பறந்து வந்து நின்றன. திரையில் இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

ஒரு விநாடி யாரும் சிரிக்கவில்லை. பிறகு சபாபதியின் சிரிப்பு வெடித்தது, உடைந்த ஹார்ன் மாதிரி. கூடவே ரயில்வேக்காரர்கள் அத்தனை பேரும். அவர்களுக்குத்தானே தெரியும், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று. அவர்கள் சிரித்த பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பின்மண்டை அசையவே இல்லை. இரண்டாவது தடவையும் அசையவில்லை. மார்வின் படத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது நிமிடமோ ஆறாவது நிமிடமோ, கிரிகரி பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தார். சபாபதியின் காதில் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே கையால் பூட்டில் சாவி போட்டுக் காட்டினார். கேமரா எங்கே இருந்தது, விளக்கை யார் பிடித்தது என்று காற்றில் இடம் குறித்துக் காட்டினார். சபாபதிக்குக் காது மந்தம். அதனால் கிரிகரியின் குரல் ஏறிக்கொண்டே போனது. பின்வரிசையில் இருந்த ஓர் ஆன்டி, அங்கிள் கொஞ்சம் சத்தம் போடாம இருங்கலா, வசனம் கேக்கல என்றாள்.

அவர் திரும்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு மறுபடியும் சாய்ந்து, விட்ட இடத்திலிருந்து, முன்பைவிடச் சத்தமாகத் தொடர்ந்தார்.