நடைபாலத்துக் கம்பங்கள்

சம்மட்டி காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அவளுடைய அண்ணன் ஒதுங்கியிராவிட்டால் தோள் போயிருக்கும். அடி இரும்புக் கம்பத்தில் விழுந்து நடைபாலம் முழுக்க அதிர்ந்தது.

தன் கணவனைப் புதைத்துவிட்டு, மகளோடும் அண்ணனோடும் அவள் அப்போதுதான் திரும்பியிருந்தாள். அவள் கைகளில் இன்னும் மண் இருந்தது. பாலத்தின் சரிவுப் பாதை தொடங்கும் இடத்தில், குறுக்கே நட்டிருந்த கம்பங்களருகே கொழுந்தன் மறித்து நின்றான். பழைய கட்டடம் இடிப்பது அவன் பிழைப்பு. சம்மட்டி அவன் கையில் கரண்டி மாதிரி சுழலும்.

"தள்ளுங்க எஞ்சினியரே! இந்த மூணு கம்பம்தான எங்க அண்ணன முழுங்குச்சு?"

"சொல்றதக் கேளுப்பா..."

"என்னத்தக் கேக்க? சைக்கிள்ல ரெண்டு பக்கமும் தண்ணி கேன் கட்டுறவன் இந்தச் சந்துல எப்படி நுழைவான்? ஊருக்கே பாலம் கட்டுனீங்க, சொந்த மச்சானுக்கு வழி விடல. அதான் கீழ ரோட்டுல எறங்குனான், லாரி அடிச்சுப் போட்டுருச்சு."

அண்ணன் வாயைத் திறந்தான். கொழுந்தனின் முஷ்டி அதை மூடியது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அடுத்த அடியில் கைப்பிடிக் கம்பியில் மோதிச் சரிந்து உட்கார்ந்தான்.

அவள் அசையவில்லை. போன வருடம் இதே சரிவில் பைக்கில் வந்த ஒருவன் அவள் மகளை இடித்துத் தள்ளிய அன்று, அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தியவள் அவள்தான்.

"பைக் ஏறாம கம்பம் நடு. இல்லன்னா என் மூஞ்சில முழிக்காத."

"சரக்கு சைக்கிள் போகாதும்மா. வேற மாதிரி யோசிக்கிறேன், கொஞ்சம் டைம் குடு."

"புள்ள கால் ஒடிஞ்சு கெடக்கு, டைமாம் டைம்!"

அந்த வாரமே கம்பங்கள் முளைத்தன. கணவன் சிரித்தான். "கேன எறக்கி ஏத்துறதுக்கு ரோட்டுலயே போயிருவேன். லாரிக்காரன்லாம் எனக்குத் தாய்மாமன், வழி விடுவான்."

இப்போது அண்ணன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு கொழுந்தனைப் பார்த்து, "ஆமாப்பா, என் தப்புதான்," என்றான்.

"ஒத்துக்கிட்டீங்கள்ல?" சம்மட்டி மறுபடி உயர்ந்தது. இந்தமுறை கம்பத்தின் மேல் இல்லை.

"நான்தான்டா நடச் சொன்னேன்!"

அவளுக்கே அந்நியமான குரல். சம்மட்டி தலைக்கு மேலேயே நின்றது.

"அண்ணி?"

"அவன் வேணாம்னான். நான்தான் விடல."

கொழுந்தன் சட்டென்று திரும்பி நடுக்கம்பத்தை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். உள்ளங்கை கிழிந்து பிடியில் ரத்தம் வழுக்கியது. கடைசியில் கம்பம் அடிக் காரையோடு பெயர்ந்து சாய்ந்தது. அவன் அதன் மேலேயே குந்தி, தலையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் அண்ணனைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். மகள் காலை இழுத்து இழுத்து நடந்து முன்னே ஏறத் தொடங்கியிருந்தாள்.

பின்னால் ஹாரன் சத்தம். புதிய இடைவெளியில் ஒரு பைக் வளைந்து நுழைந்து சரிவில் ஏறியது.

அவள் ஓடிப்போய், மண் காய்ந்த கையால் மகளைக் கைப்பிடியோரம் இழுத்துக்கொண்டாள்.