பார்த்ததாகச் சொன்ன மாதம்

எங்கள் சங்கக் கிளைக்கு முதலில் இருந்த இடம் தையல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அங்கே கூட்டம். கீழே ஆறு மிஷின் ஓடினால் மேலே எங்கள் நாற்காலிகளும் சேர்ந்து ஆடும். பள்ளிக்கூடம் என்றாலே வாத்தியாரும் பிள்ளைகளும்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கேட்டைத் திறப்பவர், கக்கூஸ் கழுவுபவர், பஸ் ஓட்டுபவர், மணி அடிப்பவர் எல்லாம் சுவரோடு சேர்த்தி. அந்தச் சுவர்கள் மாதம் ஒருமுறை மாடியேறி வந்து வாய் கிழியப் பேசும். அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் மீதி நாட்களை ஓட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களும் குடுவைகளும் கழுவி அடுக்கும் உதவியாளர். வேலைக்கும் வாய்க்கும் பொருத்தமாக ‘ஆசிட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். செயலாளர் பஸ் டிரைவர். அவர் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும் என்பதால் ‘ஹாரன்’ அண்ணன்.

நிர்வாகத்துக்குப் பதினோரு பள்ளிகள். எங்கள் ஆட்கள் ஐம்பத்திரண்டு பேர் அவற்றில் சிதறிக் கிடந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் போன் கிடையாது. அதற்காக ஹாரன் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கூட்டம் தொடங்கியதும் பட்டியலை வாசிப்பார். வந்தவர் ‘இருக்கேன்’ என்பார். வராதவரை அந்த மாதத்தில் யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுந்து ‘பார்த்தேன்’ என்று சொல்லி, ஆள் எப்படி இருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். யாருமே பார்க்கவில்லை என்றால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் அவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர் தலையில்தான் அது விடியும்.

“பார்த்தேன். மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாராம். மத்தபடி நல்லா இருக்காங்க.”

“பார்த்தேன். என்னைப் பார்த்தும் பாக்காத மாதிரி போனாரு. உடம்புக்கு ஒண்ணும் இல்ல.”

சிரிப்பில் மாடி அதிரும். கீழேயிருந்து தையல்காரர் விட்டத்தைத் தட்டுவார். எங்களை யாரோ ஒருவர் மாதாமாதம் கண்ணால் பார்க்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த மாதம் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

மழலை வகுப்புகளுக்கென்று தனியாக ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. அங்கே பெருக்கித் துடைத்து, பிள்ளைகளின் மூக்கும் பிறவும் துடைத்து, மாலையில் கடைசிப் பிள்ளையைத் தாய் கையில் ஒப்படைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது எல்லாம் ஒரே ஆள். சின்னக் கட்டடத்து அக்கா என்போம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். சனிக்கிழமையும் அவளுக்கு வேலை உண்டு, அதனால் கூட்டத்துக்கு வருவது அபூர்வம். வந்தால் என் பக்கத்து நாற்காலிதான். நான் பேசப் பேச முழங்கையால் என் விலாவில் இடிப்பாள். “போதும், அந்த ஆளு அழுதுடப் போறான்” என்பாள்.

செய்முறைத் தேர்வு முடிந்த வாரம் அது. பதினொரு நாள் ஓயாமல் குழாய் கழுவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஹாரன் அண்ணன் ‘சின்னக் கட்டடம்’ என்று வாசித்து நிமிர்ந்தார். யாரும் எழவில்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தது நான். மறுநாள் எனக்குத் தூங்க வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று இருபத்திரண்டு வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. முந்தின வாரம் பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடத்துக் கதவில் அவள் குடை தொங்கியதைப் பார்த்திருந்தேன். குடை இருந்தால் ஆள் இல்லாமலா போவாள்?

“பார்த்தேன், நல்லா இருக்கா” என்றேன். ஹாரன் அண்ணன் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நான் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரைக்கும் தூங்கினேன். சொகுசான தூக்கம்.

அடுத்த மாதப் பட்டியலிலும் அவளைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. இன்னொரு முறை புளுகத் தைரியம் வராமல் நான் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் ஹாரன் அண்ணனும் நானும் போனோம்.

அக்கா எங்களை உட்கார வைத்து, அலமாரித் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். நிர்வாக அலுவலகத்தில் கூப்பிட்டு, சின்னக் கட்டடத்தை மூடப் போகிறோம், வேறு பள்ளிக்கு மாற்றலுக்குக் கையெழுத்துப் போடு என்றார்களாம். போட்டுவிட்டாள். பிரதியைக் கையில் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். ராஜினாமா. தன் விருப்பத்தின் பேரில் மாதக் கடைசியோடு விலகுகிறேன் என்று இருந்தது. வேண்டாம் என்றால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று விதி உண்டு. தேதியைப் பார்த்தேன்.  நான் ‘பார்த்தேன்’ என்று சொன்ன கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் போட்ட கையெழுத்து. முப்பதாவது நாள் நேற்று.

“மாத்தல்னு நெனச்சுத்தான் இருந்தேன். போன வாரம் சாவியை வாங்கிட்டாங்க. அப்புறம்தான் ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது” என்றாள் அக்கா.

ஹாரன் அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏம்மா, போன மாசம் ஆசிட் வந்துட்டுப் போனாளே, அப்பவே காட்ட வேண்டியதுதானே? நான்கூட நடுவுல சிக்னல்ல உன்னைப் பாத்து, ஆசிட் வந்தாளாமேன்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டினே. பஸ் நிறையப் பிள்ளைங்க, நான் நிக்க முடியல, அதனாலதான் பட்டியல்ல அதைப் பார்த்ததாச் சேர்க்கல. அவ கிட்டயாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?”

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் தலை குனிந்துகொண்டேன். ‘வரலை’ என்று ஒரே ஒரு சொல் சொன்னால் என் மானம் கப்பலேறியிருக்கும்.

“தோணல அண்ணே” என்றாள்.

நான் அப்போதாவது பேசியிருக்க வேண்டும். ஊரில் இருக்கிற வம்புக்கெல்லாம் முந்திக்கொண்டு போகும் இந்த வாய், அன்றைக்குப் பசை போட்டு ஒட்டியதுபோல் இருந்தது. திரும்பும்போது செருப்பு மாட்டும் சாக்கில் பின்தங்கி, அவள் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: “கூட்டத்துக்கு மறுநாள் யாராச்சும் வருவீங்கன்னு தாளை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அண்ணன் சிக்னல்ல சொன்னப்பதான் நீ பார்த்ததா சொல்லியிருக்கறது வெளங்குச்சு. சரி, நீ எப்படியும் ரெண்டு நாள்ல வந்துருவேன்னு நெனச்சேன். நீ பொய் சொல்ற ஆளு இல்லையே.”

சங்கம் ஏறாத படி இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஒரு மருத்துவமனையில் துடைக்கிற வேலைக்குப் போனாள். பட்டியலில் அவள் வரி அடிக்கப்பட்டது. பக்கத்துத் தெருவில் அவள் வருவது தெரிந்தால் நான் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவேன். என் பக்கத்து நாற்காலியில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். யாரும் என் விலாவில் இடிக்கவில்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகப் பேசத் தொடங்கினேன். வயதாகிவிட்டது, ஆசிட்டுக்குக் காரம் போய்விட்டது என்றார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஹாரன் அண்ணன் புது உறுப்பினர்கள் வரும்போதெல்லாம் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். சின்னக் கட்டடத்தில் ஒரு வாயில்லாப் பூச்சி இருந்தாள். சங்கத்து ஆள் வீடு தேடிப் போயும் தாளைக் காட்டாமல் வைத்திருந்தாள். வேலை போச்சு. அவளை மாதிரி இருக்காதீங்க. வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்டிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மாடி அறை போய், கிளைக்குத் தரைத்தளத்தில் இரண்டு ஃபேன் போட்ட அறை வந்துவிட்டது. இப்போதைய செயலாளர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண், கெட்டிக்காரி. போன மாதக் கூட்டத்தில், எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோமே, இனிப் பட்டியல் வாசித்து நேரத்தைப் போக்க வேண்டுமா என்று கேட்டாள். ஹாரன் அண்ணனும் வந்திருந்தார், குரல் பாதியாகிவிட்டது. “அது எதுக்குன்னு தெரியுமா?” என்று அவர் எழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மூன்று புது உறுப்பினர்கள். அதில் நூலக உதவியாளராகச் சேர்ந்த பெண் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் தன்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தாள்: எங்க அம்மா சின்னக் கட்டடத்துல வேலை பாத்தாங்க. அண்ணனுக்குக் காது மந்தம், அதைக் கவனிக்கவில்லை.

அவர் ‘வாயில்லாப் பூச்சி’ என்று தொடங்கினார். அந்தப் பெண் மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் வெளுத்துப் போனது.

“நிறுத்துங்கண்ணே” என்றேன். பழைய குரல் வந்தது, எனக்கே திகைப்பு. “நான் போகவே இல்ல. பார்த்தேன்னு சொன்னது பொய். ஞாயித்துக்கிழமை தூங்கணும்னுதான் அப்படிச் சொன்னேன். அவ தாளை வெச்சுக்கிட்டு நமக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட ‘தோணல’ன்னுட்டா.”

 ஹாரன் அண்ணன் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். “இத்தனை வருஷமா என் வாயால அவளைத் தப்பாப் பேச வெச்சிட்டியே” என்றார்.

நூலகப் பெண் எழுந்து என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அம்மா எங்ககிட்டகூடச் சொல்லல. அவங்க அசட்டுத்தனத்தாலதான் வேலை போச்சுன்னு அப்பா சாகற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தாரு. நானும் திட்டியிருக்கேன்” என்றாள். போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

“அக்கா, நான்தான்” என்றேன். “எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். உன் பொண்ணும் இங்கதான் இருக்கா.”

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோபமாகக்கூடப் பேசவில்லை, ஏக்கமாகத்தான் கேட்டாள்.

“அவரு இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”